ஒரு நூல் சாய்வு

கரண்ட் போயிருச்சு தம்பி. நிக்காதீங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு தட்டுத் தட்டிட்டு உக்காருங்க, எல்லாம் ரப்பர் தூசி. துவைச்சாலும் சட்டுனு போகாது. எங்க வீட்டுல என் துணியைத் தனி வாளியிலதான் ஊற வைப்பாங்க.

அம்மாவுக்கா செருப்பு? சர்க்கரையா? ம். பாதத்துல உணர்ச்சி இருக்காது, கல்லு குத்தினாலும் தெரியாது. அதுக்குத்தான் இந்த மெத்து ரப்பர். வேலை முடிஞ்ச மாதிரிதான். ஒட்டியாச்சு, வெட்டியாச்சு, இனித் தேய்ச்சு மட்டம் பண்ணணும். அதுக்கு மெஷின் ஓடணும். மெஷின் ஓட கரண்ட் வரணும். கரண்ட் வந்து நான் தேய்ச்சு முடிச்சாலும் உங்க கையில குடுத்துற முடியாது. சிஸ்டர் வரணும்.

ஏன்னா, அதோ ஆணியில தொங்குது பாருங்க, எல் எழுத்து மாதிரி ஒரு இரும்பு. மூலைமட்டம். ஆசாரிமார் கையில பாத்திருப்பீங்க. நான் செஞ்சு முடிச்ச ஒவ்வொண்ணையும் சிஸ்டர் ஜெசிந்தா வந்து, அந்த மட்டத்தை வச்சு, கண்ணாடியை மூக்குல இறக்கி, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்து, சரின்னு தலையாட்டினாத்தான் வெளிய போகும். இந்த ஆஸ்பத்திரியில செருப்பு ரூம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் இருக்கேன். சிஸ்டர் வந்து அஞ்சாறு வருசம்தான் ஆகுது. வீட்டுப்பாடம் எழுதிட்டு டீச்சர் முன்னால நிக்கிற மாதிரி நிக்கிறேன்.

நான் ஒண்ணும் சொல்லுறதில்ல. சொல்லி ஓஞ்சு போச்சு. நீங்க கேட்டதுனால சொல்லுறேன். கேக்கலையா? சரி, கரண்ட் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கிறதுக்குக் கேளுங்க.

இந்த மெஷினைப் பாருங்க. ஒரே மோட்டார். இந்தப் பக்கம் எமரி பெல்ட் ஓடும், உப்புத்தாள் மாதிரிச் சொரசொரன்னு, அந்தப் பக்கம் வட்டமா ஒரு டிஸ்க் சுத்தும், அதுலயும் எமரித்தாள் ஒட்டியிருக்கும். டிஸ்க்குக்கு முன்னால குட்டியா ஒரு இரும்பு மேசை. செருப்புக் கட்டையை அந்த மேசை மேல வச்சு டிஸ்க்ல அழுத்தினா வெண்ணெய் மாதிரித் தேயும். வெளிநாட்டுல எங்கயோ ஓட்டித் தேஞ்சதை சிஸ்டரோட சபைக்காரங்க அனுப்பி வச்சாங்க. வந்த அன்னைக்கு மாலை போட்டு, சாமியார் வந்து தண்ணி தெளிச்சு ஜெபம் எல்லாம் பண்ணினாரு. அதுக்கு முன்னால நான் அரத்தை வச்சுக் கையாலதான் ராவினேன். அப்ப யாரும் மட்டம் தூக்கிக்கிட்டு வரல.

போன வருசத்துக்கு முந்தின வருசம் மழைக்காலம். அப்பத்தான் மெஷின் எனக்கு எமனா வந்துச்சு. முதல்ல பெல்ட் ஒரு பக்கமா ஓட ஆரம்பிச்சுது. நேரா ஓட வேண்டியது, கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குப் போயி, இரும்புல உரசி, நூல் நூலாப் பிரியும். அதுக்குன்னு ஒரு திருகு இருக்கு, திருகினா பெல்ட் நடுவுக்கு வரும். நான் திருகுவேன், வரும். ஒரு செருப்பு தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள மறுபடி போயிரும். மறுபடி திருகுவேன். கடைசியில பாத்தா உள்ள உருளை மேல ஒரு பக்கமா ரப்பர் தூசி இறுகிப் போயி மேடு கட்டியிருக்கு. மேடு இருந்தா பெல்ட் எப்படி நேரா ஓடும்? கத்தியை வச்சுச் சுரண்டி எடுத்தேன். நானே கண்டுபிடிச்சேன், எந்த சிஸ்டரும் வந்து சொல்லல.

அது சரியாச்சுன்னு நிமிந்தா, பெல்ட் ஒட்டுப் போட்ட இடத்துல பட்டு பட்டுனு அறுந்துச்சு. கைக்கு மேல பறந்து வந்து அடிக்கும். கம்பெனிக்காரனைத் திட்டித் தீத்தேன். அப்புறம் பாத்தா பெல்ட்டோட உள்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கானாம், அந்தப் பக்கமா ஓடுற மாதிரி மாட்டணுமாம். உள்பக்கம் போட்டா யாருக்குத் தெரியும்? மனுசனுக்குத் தெரியுற மாதிரி வெளியில போட வேண்டியதுதானே.

இப்படி அறுந்து அறுந்து கையிருப்புல இருந்த பெல்ட் எல்லாம் தீந்து போச்சு. ஒண்ணே ஒண்ணு மிச்சம். சிஸ்டர்கிட்டப் போயிக் கேட்டேன். ஆர்டர் போட்டிருக்கு எஸ்தாக்கி, வர்ற வரைக்கும் சமாளிங்கன்னாங்க. நான் சமாளிச்சேன். எமரி மழுங்கிப் போச்சு. ரப்பர் உருகி அப்பிக்கிட்டு, பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. பழைய க்ரேப் ரப்பர் செருப்போட சோல், அதான் அடி ரப்பர், அதை எடுத்து ஓடுற பெல்ட்டுல ஒரு பிடி பிடிச்சா அப்பினது எல்லாம் உருண்டு வந்துரும், அது எனக்குத் தெரியும். ஆனா மழுங்கினதை என்ன பண்ண? பெல்ட்டை விட்டுட்டு டிஸ்க்குப் பக்கம் போனேன். அங்கயும் தாள் மழுங்கல்தான், மாத்தப் புதுத் தாளும் இல்ல. அழுத்திப் பிடிக்கணும். உடம்போட பலம் பூரா குடுத்து அழுத்தினாத்தான் தேயும். புகை வரும், ரப்பர் தீயுற நாத்தம் வரும். தோள்பட்டை இறங்கிப் போகும். சாயங்காலம் சோத்தைப் பிசையக் கை வராது.

அந்த மாதிரி செஞ்ச செருப்புங்கதான் தம்பி அத்தனையும். அதை யாரும் நினைச்சுப் பாக்கல.

தவமணி வந்தது அப்பத்தான்.

தவமணியை எனக்குப் பள்ளிக்கூடம் போற வயசுல இருந்து தெரியும். போலியோ. இடது கால் குட்டை. நான் செஞ்சு குடுத்த செருப்பைப் போட்டுத்தான் பத்தாவது, பன்னெண்டாவது எல்லாம் போச்சு, பரீட்சை எழுதி ஈ.பி.யில வேலையும் வாங்குச்சு. ரீடிங் எடுக்கிற வேலை. வீடு வீடாப் போயி மீட்டரைப் பாத்து அட்டையில எழுதுவாங்கள்ல, அது. ரெண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வச்ச ஸ்கூட்டர் வண்டி இருக்கு, ஆனா வண்டி தெருவு வரைக்கும்தானே வரும். சந்துக்குள்ள நடக்கணும், மாடி ஏறணும். இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏன்மா இந்த வேலைன்னு நான் கேட்டிருக்கேன். எனக்கு இதுதான் பிடிச்சிருக்குண்ணேன்னு சொல்லும். எந்த வீட்டுல எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டம்மா மோர் குடுப்பாங்க, எந்த வீட்டுல மருமக புதுசா வந்திருக்கா, எல்லாம் அதுக்குத் தெரியும். இங்க வந்து உக்காந்துச்சுன்னா அளவு எடுத்து முடிக்கிற வரைக்கும் தெருக்கதைதான். கல்யாணம் ஆகல. அந்தத் தெருவுங்கதான் அதுக்குச் சொந்தக்காரங்க மாதிரி.

பழைய செருப்பு தேஞ்சு போச்சு, புதுசு வேணும்னு வந்துச்சு. இடது பக்கத்துக்கு ரப்பரை அடுக்கடுக்கா ஒட்டிக் கட்டை மாதிரிப் பண்ணி, அந்தக் கட்டையைப் பக்கவாட்டுல மேசை மேல நிறுத்தி, அடிப்பக்கத்தை டிஸ்க்ல பிடிச்சு மட்டம் பண்ணுவேன். மேசை நேரா இருந்தா அடியும் நேரா வரும். பண்ணினேன். போட்டு, அதோ அந்தக் கம்பியைப் பிடிச்சு நின்னு பாத்துச்சு. நான் தரையில கண்ணு வச்சுப் பாத்தேன். நேராத்தான் இருந்துச்சு. என் கண்ணு தப்பாது.

கொஞ்ச நாள்ல திரும்பி வந்துச்சு. அண்ணே, வெளிப்பக்கமா சாயுதுன்னுச்சு. சாயாதும்மா, புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்னு அனுப்பி வச்சேன். மறுபடி வந்துச்சு. முட்டியில வலிக்குதுண்ணே, இடுப்புக்கு ஏறுதுன்னுச்சு. நான் செருப்பைக் கழட்டி வாங்கி, கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்து, உள்ள மெத்தையை மட்டும் மாத்திக் குடுத்தேன். கேக்குறவங்களுக்கு ஏதாவது செஞ்ச மாதிரி இருக்கணும்ல. மூணாவது தடவையும் வந்துச்சு. எனக்குக் கோபம் வந்திருச்சு. ஒரு பக்கம் பெல்ட் இல்ல, ஒரு பக்கம் தோள் வலி, வெளிய பெஞ்சு நிறைய ஆளுங்க. உனக்கு வயசு ஏறுதும்மா, கால் முன்ன மாதிரி இருக்குமா, செருப்பைக் குறை சொன்னா எப்படின்னு கேட்டுட்டேன். சத்தம் போட்டெல்லாம் கேக்கல. சாதாரணமாத்தான் கேட்டேன்.

அது செருப்பை மாட்டிக்கிட்டு, செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சுப் போயிருச்சு.

தவமணி மட்டும் சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன் தம்பி. வெள்ளைச்சாமின்னு ஒருத்தர், பைபாஸ்ல பெட்ரோல் பங்க்ல வேலை. அவருக்கு வலது கால் குட்டை. அவரு வந்து உட்பக்கமா சாயுதுங்கிறாரு. தவமணி வெளிப்பக்கம்ங்குது, இவரு உட்பக்கம்ங்கிறாரு. இன்னும் ரெண்டு மூணு பேரு. வலது கால்காரங்க எல்லாம் உள்ளங்கிறாங்க, இடது கால்காரங்க எல்லாம் வெளியங்கிறாங்க. ஒரே மெஷின், ஒரே கை. ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதை நம்ப? மெஷின்ல தப்புன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே சாயணும்? நீங்களே சொல்லுங்க. மழைக்காலம், எலும்பு பிடிச்சு இழுக்கும், அதுக்குச் செருப்பு மேல பழி போடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். பழகிடும்.

மழை விட்டு, பனி இறங்கின பிறகு தவமணி இன்னொரு தடவை வந்துச்சு. அந்தத் தடவை செருப்பைக் கழட்டல. இதே ஸ்டூல்லதான் உக்காந்துச்சு. கையில ஒரு ஸ்வீட் டப்பா. என்னம்மா விசேசம்னு கேட்டேன்.

"ஆபீஸ்ல உக்காந்து பாக்குற சீட்டு ஒண்ணு காலியா இருக்குதாம்ணே, பழனிப் பக்கம். எழுதிக் குடுத்துட்டேன். ஆர்டர் வந்திருச்சு. நீங்க சொன்னது சரிதான். செருப்பு இல்ல, கால்தான் மாறிப் போச்சு. நான்தான் ஒத்துக்க மாட்டாம உங்களை அலைக்கழிச்சுட்டேன்."

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னா, அப்பாடான்னு இருந்துச்சு. ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டாங்களேன்னு. இதைத்தானேம்மா நான் அப்பவே சொன்னேன், உக்காந்து பாக்குற வேலை உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி ஒரு லட்டு எடுத்துத் தின்னேன். நெய் லட்டு. நல்லாருந்துச்சு. அது வாசல்ல நின்னு இந்த ரூமை ஒரு தடவை பாத்துட்டுப் போச்சு. சாஞ்சுதான் போச்சு. கால்தான் மாறிப் போச்சேன்னு நானும் பாத்துக்கிட்டு நின்னேன்.

அதுக்கு அப்புறம் மோட்டார் உறும ஆரம்பிச்சுது. ஸ்விட்ச் போட்டா உறுமும், சுத்தாது. கையால ஒரு தள்ளுத் தள்ளினா சுத்தும். சிஸ்டர் பயந்துட்டாங்க, கோயம்புத்தூர்ல இருந்து ஆளைக் கூப்பிட்டாங்க. சிவராசுன்னு ஒரு மெக்கானிக். அதிகம் பேசாத ஆளு. வந்ததும் தூசிப் பையை அவுத்தான், கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. மோட்டாருக்குள்ள பூராவும் ரப்பர் மாவு. கெப்பாசிட்டரும் போயிருச்சுன்னான், மாத்தினான். புதுப் பெல்ட்டை அம்பு பாத்து மாட்டினான். டிஸ்க்ல இருந்த தாளை உரிச்சுப் போட்டுட்டுப் புதுசு ஒட்டினான். எல்லாம் முடிஞ்சு கிளம்பப் போறான்னு நினைச்சேன். பையில இருந்து ஒரு மூலைமட்டத்தை எடுத்து, மேசைக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல வச்சான்.

குனிஞ்சு பாத்தான். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னான். மட்டத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல, கீழ ஒட்டியிருக்கு, மேல வெளிச்சம் தெரியுது. ஒரு நூல் இருக்கும். ஒரு நூல்தான் தம்பி, இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. மேசை முன்பக்கம் இறங்கியிருக்கு.

அதெப்படி, முள்ளு சைபர்ல நிக்குதேன்னு கேட்டேன். மேசை எத்தனை டிகிரி சாஞ்சிருக்குன்னு காட்டுறதுக்கு ஒரு முள்ளு இருக்கு, அது சைபர்லதான் நின்னுச்சு. நான் தினமும் பாக்குறேன், சைபர்தான். சிவராசு அந்த முள்ளை ஒரு விரலால தொட்டான். ஆடுச்சு. முள்ளைப் பிடிச்சிருந்த திருகாணி லூசாயி, அது பாட்டுக்கு சைபர்லயே நிக்குது, மேசை பாட்டுக்கு இறங்கிக்கிட்டே போயிருக்கு. மழுங்கின தாளை வச்சு ரொம்ப அழுத்தியிருக்கீங்க, மேசையை இறுக்கிப் பிடிக்கிற பூட்டு மரை தேஞ்சு கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்குன்னான். பேப்பரை மாத்தியிருந்தா இவ்வளவு அழுத்த வேண்டியிருக்காதுன்னான்.

கையிருப்பு இருந்தாத்தானே மாத்த? ஆர்டர் போட்டிருக்குன்னு சொன்னது நானா? அழுத்தினது என் கையா இருக்கலாம், அழுத்த வச்சது யாரு?

அதோட விட்டிருந்தா பரவால்ல. அங்க நின்ன சிஸ்டர், அப்ப இதுல செஞ்ச செருப்பெல்லாம் என்ன ஆயிருக்கும்னு கேட்டாங்க. அவன் யோசிச்சுட்டு, நீங்க கட்டையை எந்தப் பக்கமா நிறுத்துவீங்கன்னு என்னைக் கேட்டான். நான் எப்பவும் ஒரே பக்கமாத்தான் நிறுத்துவேன், அது என் கைப்பழக்கம். அப்ப எல்லாமே இடது பக்கமாச் சாஞ்சிருக்கும், இடது கால்னா வெளிப்பக்கம், வலது கால்னா உட்பக்கம்னு கையை ஆட்டிக் காட்டினான். சாதாரணமாத்தான் சொன்னான், பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. இந்த மாதிரி யாராவது வந்து சொன்னாங்களா எஸ்தாக்கின்னு கேட்டாங்க.

ஆளுங்க ஆயிரம் சொல்லுவாங்க சிஸ்டர்னு சொன்னேன்.

அவ்வளவுதான். அந்த மட்டத்தை சிவராசுகிட்ட இருந்து அங்கேயே கேட்டு வாங்கி, அதோ அந்த ஆணியில மாட்டினாங்க. மழைக்காலத்துல செருப்பு வாங்கின எல்லாரையும் கூப்பிட்டாங்க, ஆளுக்குப் புதுசு செஞ்சு குடுக்கச் சொன்னாங்க. செஞ்சேன். வெள்ளைச்சாமி வந்து போட்டுப் பாத்துட்டு என்னைக் கும்பிட்டாரு. கும்பிடுற அளவுக்கு என்ன இருக்கு? இன்னொருத்தர் பழசைப் போட்டே பழகிருச்சு, புதுசுதான் இப்ப சாயுறாப்புல இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. பாத்தீங்களா? பழகுறவங்களுக்குப் பழகத்தான் செய்யுது. இதை சிஸ்டர்கிட்டச் சொன்னேன். அவங்க அன்னையில இருந்து எங்கிட்ட அளவாத்தான் பேசுறாங்க.

தவமணிதான் வரல. போன் பண்ணினாங்க, லீவு இல்லைன்னு சொல்லுச்சாம். தபால்ல அனுப்புறேன்னாங்க சிஸ்டர். நான்தான் வேணாம்னேன். அளவு இங்க இருக்கு, செஞ்சுருவேன், ஆனா மாட்டிப் பாக்காம எப்படிக் குடுக்க? ஒரு நாள் லீவு போட்டுட்டு நானே பஸ் ஏறினேன். ஏன் போனீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியல. சின்னப் பிள்ளையா இருந்தப்ப இருந்து பாத்த புள்ள, போய்ப் பாக்கலாமேன்னுதான்.

பழனிப் பக்கம் அந்த ஆபீஸ் ஒரு நீளமான கட்டடம். கடைசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்துச்சு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி உக்காந்துருச்சு. இளைச்சுப் போயிருந்துச்சு. தண்ணி குடுத்து, டீ சொல்லி, வீட்டுல எல்லாரையும் விசாரிச்சுச்சு. நான் காகிதத்தைப் பிரிச்சுச் செருப்பை எடுத்தேன். மாட்டிட்டு நடந்து பாரும்மான்னேன்.

அந்த ஆபீஸ் நடைபாதை வெறிச்சுன்னு இருந்துச்சு, சாப்பாட்டு நேரம். அது செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிளம்புச்சு. நாலஞ்சு எட்டு வச்சதும் செவுத்துல இருந்து கையை எடுத்துருச்சு. எடுத்தது அதுக்கே தெரியல. தண்ணி பில்டர் இருக்கிற இடம் வரைக்கும் போயி, திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு. திரும்பி வர்றப்ப ஒரு மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு வந்துச்சு. சிரிக்கிறதா என்னன்னு எனக்குப் புரியல.

"இதுல என்னண்ணே மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலம்மா. அதே அளவுதான். மெஷின்ல மேசை லேசா இறங்கியிருந்துச்சாம். அதை நேராக்கிட்டோம்."

அது பில்டரைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் டீயைக் குடிச்சேன். ஆறிப் போயிருந்துச்சு.

"அப்ப நான் சொன்னப்ப, சாஞ்சுதான் இருந்துச்சா?"

"ஒரு நூல்தாம்மா. ஒரு நூல் இருக்கும்."

"நான் என்னமோ எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டேன்ணே."

சத்தமே இல்லாமத்தான் சொல்லுச்சு. திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். பெல்ட் இல்லாததைச் சொல்லியிருப்பேன், முள்ளு சைபர்ல நின்னதைச் சொல்லியிருப்பேன், எல்லாத்தையும் பஸ்லயே யோசிச்சு வச்சிருந்தேன். அது கேக்கல. சேர்ல போயி உக்காந்துச்சு. திரும்ப ரீடிங் வேலைக்கே மாறிக்கலாமேம்மான்னு நான்தான் கேட்டேன். அந்த எடத்துக்கு வேற ஆள் வந்தாச்சுண்ணே, உடம்பு முடியலைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, இப்ப முடியும்னு எந்த வாயால சொல்லன்னுச்சு. அப்புறம் யாரோ ஒரு ஆளு பில்லைக் காட்டி என்னமோ கேக்க வந்தான். அதுக்கு வேலை வந்திருச்சு. நான் கிளம்பிட்டேன். பழைய செருப்பைக் கேட்டேன், குடுத்துருச்சு. பஸ் ஸ்டாண்டுல இருந்த குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். அதை எதுக்கு இங்க தூக்கிட்டு வர்றது, சிஸ்டர் எடுத்து வச்சு மட்டம் பிடிச்சுப் பாக்கவா?

இப்பச் சொல்லுங்க தம்பி. ஒரு மனுசன் இத்தனை வருசம் செஞ்சதுல ஒரு மழைக்காலம். அதுவும் மெஷின் செஞ்ச தப்பு. அதுக்காக ஒவ்வொரு செருப்புக்கும் சிஸ்டர் மட்டம் வச்சுப் பாத்தா, எனக்கு எப்படி இருக்கும்? ஓய்வு குடுங்கன்னு கேட்டுட்டேன். ஆள் கிடைக்கல, இருங்கங்கிறாங்க. மட்டத்தையாவது எடுங்கன்னேன். அது இருக்கட்டும்ங்கிறாங்க. இருக்கட்டும். எனக்கு என்ன. கரண்ட் வந்தா தேய்ப்பேன், சிஸ்டர் வந்தா நிப்பேன்.

தவமணியா? வந்துச்சே. இப்பத்தான், போன மாசம். ஊர்ல எதோ கல்யாணம்னு வந்துட்டு, அப்படியே இங்க வந்துச்சு. செருப்போட வார் அறுந்து போச்சுண்ணே, மாத்திக் குடுங்கன்னுச்சு. வாரு அறுந்தா முதல்ல சோலைத் திருப்பிப் பாக்குறது என் வழக்கம். சோலே போயிருந்தா புது வார் போட்டு என்ன பிரயோசனம்? தெருத்தெருவா அலைஞ்ச காலத்துல அந்தப் புள்ளையோட சோல் ஒரு வருசம் தாங்காது. குதிகால்ல வழுவழுன்னு ஆயி, டிசைனே இருக்காது. கல்லு, கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாம் குத்தியிருக்கும். பிடுங்கிப் பிடுங்கி எடுப்பேன்.

திருப்பிப் பாத்தேன். புதுசு தம்பி. நான் ஒட்டின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. பள்ளம் பள்ளமா டிசைன், ஒரு கீறல் இல்ல. வெட்டுறதுக்காக நான் பேனாவுல போட்ட கோடு ஓரத்துல இன்னும் தெரியுது. கையில வச்சுக்கிட்டே இருந்தேன். என்னண்ணே பாக்குறீங்கன்னு கேட்டுச்சு. தேயவே இல்லம்மா, நல்ல ரப்பர், பத்து வருசம் வரும்னேன்.

"இருபது வரும்ணே" ன்னுச்சு.

வார் மாத்திக் குடுத்தேன். மாட்டிக்கிட்டு எந்திரிச்சுச்சு. தெருக்கதை ஒண்ணும் சொல்லல. வரேன்ணேன்னுட்டுக் கிளம்புச்சு. நான் இந்த வாசல்ல நின்னு பாத்தேன். சாய்வு இல்ல. ஒரு நூல் கூட இல்ல. தவமணியோட வண்டி அதோ அந்த வேப்பமரத்தடியில நின்னுச்சு. அது வரைக்கும் நேரா நடந்துச்சு.